கட்டடத்துக்கா, பராமரிப்பாளர் சம்பளத்துக்கா?

வன்னியிலோ மட்டக்களப்பிலோ உள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்கு உதவவேண்டும் என்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ நாலு பேர் கூடினால், முதலில் எழுகிற கேள்வி ‘எந்த மண்டபம் எடுப்பது?’ என்பதுதான். அடுத்தது, யாரைப் பாட அழைப்பது. காசு எதற்கு என்ற கேள்வி மூன்றாவதாக வந்தாலே பெரிய காரியம். அந்த வரிசையை மாற்றிப் பார்க்கவே இந்த வழிகாட்டி. காசு எந்த வழியில் சேர்கிறது என்பதே அது எங்கே போய் முடியும் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. ஒரே இரவில் விருந்து வைத்துத் திரட்டிய தொகை ஒரே தடவையில் முடிகிற வேலையைத் தேடும்: கட்டடம், வான், தண்ணீர்த் தாங்கி. மாதாமாதம் வங்கியிலிருந்து நகர்கிற இருபது பவுண், மாதாமாதம் வருகிற செலவைத் தாங்கும்: சம்பளம், மின்கட்டணம், ரியூசன் காசு, தாய் வீட்டு அரிசி.

இல்லத்தில் இருப்பவர்கள் யார் என்பதிலேயே நமக்கு ஒரு பழைய படம் மனதில் தங்கிவிட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் 2009 மே வரை நீண்ட போரும் தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளை விட்டுச் சென்றன. ஆனால் முள்ளிவாய்க்காலில் கைக்குழந்தையாக இருந்த பையனுக்கே இப்போது மீசை அரும்பிவிட்டது. இன்று இல்லங்களில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் போருக்குப் பின் பிறந்தவர்கள். தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போயிருப்பார். தகப்பன் குடும்பத்தை விட்டுப் போயிருப்பார். அல்லது வீட்டில் மூன்று நேரம் அடுப்பு எரிய வழியிராது. வீட்டில் பாதுகாப்பில்லை என்று நீதிமன்ற உத்தரவில் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. சேவ் த சில்ரன் அமைப்பு இலங்கை இல்லங்களைப் பற்றி 2005இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருந்தனர், இல்லத்துக்கு அவர்களைக் கொண்டுவந்த முதன்மைக் காரணம் வறுமை. வறுமையை மட்டும் காரணமாக வைத்து ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தெரிவையும் பாருங்கள்.

நம்மவருக்கு மிகப் பழக்கமானது ஒருநாள் சாப்பாடு. பேரப்பிள்ளையின் பிறந்தநாள், அப்பாவின் திவசம் என்று ஒரு தொகையை அனுப்பினால் அன்றைக்கு வடை பாயசத்தோடு சமைத்துப் போடுவார்கள். இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அனுப்புகிறவருக்கு அது ஒரு கடமை நிறைவேறிய நிம்மதி, பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு. இரண்டு திருத்தம் மட்டும் செய்யலாம். எந்த நாள் என்று நீங்கள் குறிக்காதீர்கள். இல்லமே தேவையான நாளுக்கு எடுத்துக்கொள்ளட்டும். தைப்பொங்கலன்று மூன்று குடும்பம் போட்டிபோட்டுச் சமைக்க, அடுத்த கிழமை முழுக்கச் சோறும் பருப்பும் என்று ஆவது இப்படித்தான். மற்றது, படம் கேட்காதீர்கள். யாரென்றே தெரியாத ஒரு குழந்தையின் பெயர் எழுதிய கேக்கின் முன்னால் நின்று கைதட்டச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

‘ஒருவருக்கு ஒரு பிள்ளை’ என்ற மாதாந்தப் பொறுப்பேற்பு அடுத்தது. காசு சேர்க்க இதைவிட இலகுவான வழி இல்லை. ஒரு முகமும் ஒரு பெயரும் இருந்தால் கொடுப்பவர் கை தளராது. சிக்கல் இல்லத்துக்குள்தான். ஒரே அறையில் படுக்கிற இரண்டு பேரில் ஒருத்திக்குக் கனடா மாமா சைக்கிள் வாங்கித் தருவார். மற்றவளின் ஆள் வேலை இழந்து நிறுத்திவிடுவார். ஆகவே பிள்ளைக்குப் பிள்ளை பிரிக்காமல், எல்லார் காசையும் ஒரே நிதியாக்கிக் கல்விச் செலவுக்கு ஒதுக்குகிற இல்லமாகப் பாருங்கள். கொடுப்பவருக்குப் பிள்ளையின் கடிதம் வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை கணக்கறிக்கை போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிலர் விலகிப்போவார்கள். போகட்டும்.

பெட்டி பெட்டியாகப் பழைய உடுப்பும் புத்தகமும் கப்பலில் அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம். கப்பல் கூலி, துறைமுகக் கட்டணம், அங்கிருந்து லொறி எல்லாம் சேர்த்தால், அந்தக் காசுக்குக் கிளிநொச்சிக் கடையிலேயே அளவெடுத்துப் புது உடுப்பு வாங்கலாம், கடைக்காரருக்கும் பிழைப்பு. பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. பிள்ளைகளுக்குத் தட்டுப்பாடாக இருப்பது சப்பாத்து, கொப்பி, பஸ் காசு, ரியூசன். மூக்குக்கண்ணாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அதை யாரும் நினைப்பதில்லை.

கட்டடத்தில்தான் எனக்கு உண்மையான தயக்கம். கல்வெட்டில் பெயர் வரும், திறப்பு விழா வரும், நாடா வெட்டலாம். ஆனால் ஒரு புதிய விடுதிக்கு நாற்பது கட்டில் போட்டால் அந்த நாற்பதும் நிரம்பவேண்டும். எங்கேயிருந்து? கம்போடியாவில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கே 2005இல் 154 ஆக இருந்த இல்லங்கள் 2010இல் 269 ஆயின. ஐந்தே ஆண்டில் 75 வீத உயர்வு. நாட்டில் தாய் தகப்பனை இழந்தவர்கள் அந்த வேகத்தில் கூடவில்லை. கூடியது வெளிநாட்டு நன்கொடையும் சுற்றுலாப் பயணிகளின் இரக்கமும். அங்கிருந்த நாலு பிள்ளைகளில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ இருந்தார் என்று யுனிசெஃப் சொன்னது. காசு இல்லத்தில் இருந்ததால் பிள்ளையும் அங்கே போனது. மழைக்கு ஒழுகுகிற கூரை, உடைந்த கழிவறை, பெண்பிள்ளைகள் பக்கத்து மதில் இவற்றைத் திருத்தக் காசு கேட்டால் தயங்காமல் கொடுங்கள். இடத்தை விரிக்கிற கட்டடம் என்றால், இப்போது இருக்கிற கட்டில் எல்லாம் நிறைந்திருக்கிறதா, காத்திருப்பவர்களை அனுப்பியது யார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

யாரும் கொடுக்க விரும்பாதது சம்பளம். ‘நிர்வாகச் செலவு எத்தனை வீதம்?’ என்று கேட்டு, குறைவாகச் சொல்கிற இல்லத்தையே நல்ல இல்லமாக எண்ணுகிறோம். பிள்ளைகள் இல்லத்தில் நிர்வாகச் செலவு என்று நாம் ஒதுக்குவதில் பெரும்பகுதி, இரவில் காய்ச்சல் வந்த பிள்ளையின் பக்கத்தில் இருக்கிற பெண்ணின் சம்பளம். அவருக்குக் கூலி போதாமல் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறினால், சின்னப் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தாய் போய்விடுகிறாள். இரண்டு பராமரிப்பாளர்களின் சம்பளத்தையும் கிழமைக்கு ஒருநாள் வருகிற உளவள ஆலோசகரின் செலவையும் மூன்று வருடத்துக்குப் பொறுப்பேற்கிற சங்கம், மாடி கட்டிக்கொடுத்த சங்கத்தைவிடக் கூடுதலாகச் செய்திருக்கிறது என்பேன்.

அதிலும் மேலானது, பிள்ளையை வீட்டோடு இருக்கவைக்கிற காசு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மற்றப் பாதியோடு வருடக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியில் முன்னேறினார்கள்; இரண்டு வயதுக்கு முன் போனவர்களின் முன்னேற்றம் இன்னும் கூட. அது வளர்ப்புக் குடும்பம். இங்கே சொந்தத் தாயே இருக்கிறார், இல்லாதது வருமானம். ஒரு தையல் மெசினும், ஒரு வருடத்துக்கு மாதக் காசும், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் இருந்தால் திரும்பிப்போகக் கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது. அடி உதைக்கோ அதைவிட மோசமானதுக்கோ தப்பி வந்த பிள்ளையைக் காசு காட்டித் திருப்பி அனுப்புவது கொடுமை. யார் போகலாம், யார் இருக்கவேண்டும் என்பதை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் வீட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும். உங்கள் சங்கத் தலைவரோ இல்லத்துப் பொறுப்பாளரோ தாமாக எடுக்கிற முடிவல்ல அது. இப்படி வீட்டுக்குப் போன பிள்ளைகளின் செலவை ஏற்க முன்வாருங்கள். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால் உதவி நின்றுவிடும் என்ற பயம் பொறுப்பாளருக்கு இருக்கிறது.

இன்னொரு இடைவெளி பதினெட்டு வயதில் விழுகிறது. சட்டப்படி அந்த வயதோடு இல்லத்து வாழ்க்கை முடிகிறது. உயர்தரப் பரீட்சையும், பெறுபேறும், பல்கலைக்கழக அனுமதியும் அந்த வயதைச் சுற்றியும் அதற்குப் பிறகுமே வருகின்றன. படிப்பின் முக்கியமான கட்டத்தில் ஒரு பெண்பிள்ளைக்குத் தங்க இடமில்லை என்றால் அதுவரை செய்த செலவெல்லாம் என்னாவது? வாடகை அறைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மூன்று வருடம் தாங்குகிற நிதி சிறிய சங்கத்துக்கும் கைக்கு அடங்கக் கூடியது. பெரிய அமைப்புகள் இந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை.

இனி, காசு சேர்க்கும் வழி. இராப்போசன விருந்தில் மண்டப வாடகை, சாப்பாடு, ஒலியமைப்பு எல்லாம் கழித்து மிஞ்சுவதைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து பாடகரை வரவழைத்தால் பயணச்சீட்டையும் சேருங்கள். விருந்தே வேண்டாம் என்றில்லை. அன்றிரவு உண்டியலைவிட, மாதாந்த வங்கிக் கட்டளைப் படிவத்தை மேசைக்கு மேசை வையுங்கள். ஐம்பது பேர் மாதம் இருபது பவுண் என்றால் வருடத்துக்கு 12,000 பவுண். அதுவும் அடுத்த வருடம் மண்டபம் தேடாமல்.

இணையவழித் திரட்டில் சிறுதொகைகளைக் கட்டணம் தின்றுவிடும். கோஃபண்ட்மீ கனடாவில் ஒவ்வொரு நன்கொடையிலும் 2.9 வீதமும் 30 சதமும் பிடிக்கிறது. 100 டொலரில் 3.20 போகும், அது பரவாயில்லை. 10 டொலரில் 59 சதம், அதாவது நூற்றுக்கு ஆறுக்குக் கிட்ட. அவசரத் தேவைக்கு, வெள்ளம் வந்த கிழமைக்கு அது நல்ல வழி. வருடம் முழுக்கவான செலவுக்கு வங்கிக் கட்டளையே மேல்.

வரிச்சலுகை நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரித்தானியாவில் வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்ட் படிவத்தில் ஒப்பமிட்டால் 100 பவுண் 125 ஆகி அறக்கட்டளைக்கே போகும். கோவில் வாசலில் விழுகிற 30 பவுணுக்கு உட்பட்ட சில்லறைக்கும், படிவமே இல்லாமல், வருடத்துக்கு 8,000 பவுண் வரை அதே 25 வீதத்தைக் கேட்டுப்பெற ஒரு திட்டம் இருக்கிறது. பல சங்கங்கள் இந்தக் காசை எடுக்காமலே விடுகின்றன. கனடாவில் சலுகை கொடுத்தவரின் வரியில் கழியும். அதற்குப் பதிவுபெற்ற அறக்கட்டளையின் பற்றுச்சீட்டு வேண்டும். அங்கே வெளிநாட்டு அமைப்புக்குக் காசு கொடுப்பதற்கான சட்டம் 2022இல் சற்றுத் தளர்ந்தது என்றாலும், கணக்குக் காட்டும் பொறுப்பு அனுப்புகிற அறக்கட்டளையிடமே இருக்கிறது. புதிதாக ஒரு அறக்கட்டளை பதிவதைவிட, ஏற்கெனவே பதிந்து ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிற ஒன்றின் கீழ் உங்கள் நிதியைத் தனியாக வைக்கச் சொல்லிக் கேட்பது பெரும்பாலான சிறு குழுக்களுக்கு நல்லது. பெயர் உங்களுடையதாக இராது. தலைவர் பதவிக்குச் சண்டையும் இராது.

மச்சானின் கணக்குக்குப் போட்டு அவர் கொண்டுபோய்க் கொடுக்கிற முறை மட்டும் வேண்டாம், மச்சான் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். நாளை ஒரு கேள்வி வந்தால் அகப்படுவது அவர்தான். இல்லத்தின் பெயரிலுள்ள, இரண்டு பேர் ஒப்பமிடுகிற கணக்குக்கே அனுப்புங்கள். தொகையை ரூபாயில் பேசி வருடாவருடம் மீளப் பாருங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 360 வரை போனபோது, பழைய ரூபாய்த் தொகையையே அனுப்பியவர்களின் கையில் காசு மிஞ்சியது. இல்லத்தில் அரிசி குறைந்தது.

இல்லத்தைத் தெரிவு செய்யும்போது மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தில் பதிவு இருக்கிறதா, கடைசிக் கணக்காய்வு எப்போது என்று கேளுங்கள். பிறகு, கடந்த வருடம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்றும் கேளுங்கள். ‘ஒருவரும் இல்லை, எல்லாரும் எங்களோடுதான்’ என்று பெருமையாகச் சொன்னால் மேற்கொண்டு விசாரியுங்கள். பிள்ளைகளின் முகத்தை முகநூலில் போடுகிற இல்லத்தையும், அதைக் கேட்கிற நன்கொடையாளரையும் தவிருங்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரின் கைத்தொலைபேசியிலும் முகநூல் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அலுவலகத்தில் கணக்குப் பாருங்கள், சமையல்காரரோடு கதையுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட்டுப் பாடவைக்க விடாதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று எதையாவது கண்டால் பொறுப்பாளரோடு சமாதானம் பேசிக்கொண்டு நிற்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

எப்போது நிறுத்துவீர்கள் என்பதையும் தொடங்கும்போதே எழுதிவையுங்கள். சங்கங்கள் உடையும், ஆட்கள் களைப்பார்கள், அது இயற்கை. குறைந்தது ஆறு மாத முன்னறிவிப்பும் அந்த ஆறு மாதச் சம்பளத்துக்கான கையிருப்பும் இருக்கட்டும். உயர்தரம் எழுதப்போகிற பிள்ளைகளின் செலவைப் பரீட்சை முடியும்வரை தனியே ஒதுக்கிவிட்டே மிச்சத்தைக் கைவிடலாம்.