கூடத்துல கோடு போடு, பரண்ல ஆரம்பி!

பெரிய வீட்டைக் கொடுத்துட்டு ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்குப் போறோம்னு முடிவானதுமே எல்லாரும் அட்டைப்பெட்டி தேடி ஓடுவாங்க. நீ முதல்ல இஞ்ச் டேப்பைத் தேடு. கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுன்னா திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லைன்னு நீண்டுக்கிட்டே போகும். அதுல முப்பது நாற்பது வருஷம் புழங்கினவங்களுக்குச் சதுர அடிக் கணக்கே மனசுல நிக்காது. "ஒரு கட்டில் போட இடம் இல்லாமலா போயிடும்?"னு கேப்பாங்க. போயிடும்.

புரோக்கர் 1,050 சதுர அடின்னு சொல்றது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப் கணக்கு. மாடிப்படி, லிஃப்ட், பொது வராந்தான்னு எல்லாத்துலயும் உன் பங்கு அதுல சேர்ந்திருக்கும். "கார்ப்பெட் ஏரியா எவ்வளவு?"னு கேளு. 2016 ரெரா சட்டப்படி அதுல வெளிச்சுவர், பால்கனி, குழாய் இறங்குற டக்ட் எதுவும் வராது. உள்தடுப்புச் சுவர் மட்டும் சேரும். 1,050ங்கிறது 750, 700ன்னு சுருங்கினா அதிர்ச்சி ஆகாதே.

அந்த அளவைப் பழைய வீட்டுக் கூடத்துலயே கோலமாவால கோடா வரைஞ்சிடு. பெட்ரூம் பத்துக்குப் பதினொண்ணா? அந்தக் கட்டத்துக்குள்ள ஆறரைக்கு அஞ்சு கட்டிலை நிஜமாவே இழுத்துப் போடு. பீரோ மூணடி அகலம், ஒண்ணரை அடி ஆழம்தான். ஆனா கதவு திறக்க முன்னாடி இன்னும் ஒண்ணரை அடி வேணும், அதுக்கு எதிர்ல ஆள் நிக்கவும் இடம் வேணும். பேப்பர்ல வரைஞ்சு காட்டினா அப்பா "பார்த்துக்கலாம்"னு முடிச்சிடுவார். கோட்டுக்குள்ள நின்னு திரும்பிப் பார்த்தார்னா, ரெண்டாவது பீரோ வேணாம்னு அவர் வாயாலயே வரும். நீ கெட்ட பேர் வாங்க வேண்டாம்.

புது வீட்டுக்கு அளக்கப் போறப்பவே லிஃப்ட் கதவையும் அளந்துக்கோ. ஆறு பேர் லிஃப்ட்னா 408 கிலோ வரைக்கும் தாங்கும். பீரோவுக்கு எடை பிரச்சினையே இல்ல, கதவு அகலமும் உள் உயரமும்தான் பிரச்சினை. நுழையாதுன்னா மாடிப்படித் திருப்பத்தை அள. அங்கயும் நுழையாதுன்னா அந்த பீரோ உங்களோட வரல, அவ்வளவுதான்.

"வேணுமா?"ன்னு கேக்காதே

ஒரு சாமானைக் கையில தூக்கிக் காட்டி "இது வேணுமா, வேண்டாமா?"ன்னு அம்மாகிட்ட கேட்டா, எல்லாத்துக்கும் "இருக்கட்டுமே"ன்னுதான் பதில் வரும். "இது யாருக்கும்மா?"ன்னு கேட்டுப் பாரு. அப்போ அம்மா யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க. இட்லிக் கொப்பரை சித்தி பொண்ணுக்கு, பெரிய அடுக்கு மேலத் தெரு கல்யாண வீட்டுக்கு, தையல் மெஷின் வேலைக்கு வர்ற பொண்ணுக்குன்னு மளமளன்னு வரும். பேர் சொன்ன உடனே ஒரு சீட்டுல எழுதி ஒட்டிடு. முடிஞ்சா அவங்க கையாலேயே கொடுக்க வை. கொடுத்த பொருளைப் பத்தி யாரும் புலம்பறதில்ல. காணாமப் போன பொருளைப் பத்தித்தான் பத்து வருஷத்துக்குப் புலம்புவாங்க. பெரியவங்க கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பழைய சாமான்காரரைக் கூப்பிடற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆரம்பிக்கிற இடம் பரண். போட்டோ, லெட்டர், அம்மாவோட புடவை பீரோ இதுல எல்லாம் முதல்ல கை வச்சா அன்னிக்கு வேலை அதோட சரி. பரண்ல இருக்கிறது யாருமே எட்டிப் பார்க்காதது. விறகு பாய்லர், உடைஞ்ச தொட்டில் கம்பு, கல்யாணத்துல வந்த பிரிக்காத லெமன் செட், ஓடாத டேப் ரெக்கார்டர். அங்க மனசு தயங்காது. அந்த வேகத்தோட அடுக்களைக்கு வா.

பித்தளை விஷயத்துல நிதானம்

தஞ்சாவூர் ஜில்லா வீட்டுல அடுக்களையைத் திறந்தா பித்தளையும் வெண்கலமும்தான். அண்டா, தவலை, கங்காளம், உருளி, வெண்கலப் பானை. கடைக்காரர் எல்லாத்தையும் ஒரே தராசுல ஏத்தப் பார்ப்பார். விடாதே. பித்தளையில செம்போட துத்தநாகம். வெண்கலத்துல செம்போட வெள்ளீயம், அதுக்கு விலையும் கூட. ரெண்டையும் தனித்தனியா வை. தட்டினா வெண்கலம் கணீர்னு நீளமா ஒலிக்கும், பித்தளை சட்டுனு அடங்கிடும். சுத்தச் செம்பைத் தனியா எடுத்துடு. ரெண்டு கடையில விலை கேட்டுட்டு, உன் கண் முன்னாடி நிறுக்கச் சொல்லு. இரும்பு வளையம், கைப்பிடின்னு எவ்வளவு கழிக்கிறாங்கன்னும் முன்கூட்டியே பேசிக்கோ.

பாத்திரத்துல பேர் வெட்டியிருக்கும், பார்த்திருக்கியா? பாட்டி பேர், கல்யாணத் தேதி, சீர் கொடுத்த மாமா பேர். சில குடும்பத்துல பாட்டியோட பொறந்த வீட்டு ஊர் எதுன்னு சொல்ல அதைவிட்டா வேற ஆதாரமே கிடையாது. விற்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேரையும் போன்ல படம் எடுத்து வை. அண்டா போகட்டும்.

ஈயச்சொம்பு இருந்தா விற்காதே. இடம் அடைக்காது, ரசம் நல்லா வரும். எடுத்துக்கிற மருமகளுக்கு ஒண்ணு மட்டும் சொல்லிக் கொடு. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிடும், காலிச் சொம்பை அடுப்புல வைக்கவே கூடாது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஜோடியா இருந்தா, ஒண்ணு இவனுக்கு ஒண்ணு அவளுக்குன்னு பிரிக்கிறதைவிட ஜோடியா ஒருத்தருக்குக் கொடுத்துட்டு இன்னொருத்தருக்கு வேற நல்ல பொருளாக் கொடு.

அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிக்குள்ள ரெண்டு பேர் ஒரே பொருளைக் கேட்டா சீட்டுக் குலுக்கிப் போடு. எல்லாரும் இருக்கிறப்போ போடு, இல்லன்னா வீடியோ கால்ல வச்சுப் போடு. "எனக்கு வேணும், நீங்க வச்சிருங்க, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கறேன்"னு வெளிநாட்டுல இருக்கிற ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். அவர் வீட்டுல நாலு பெட்ரூம் இருக்கும். பொருள் இருக்கப் போறது நம்ம பால்கனியில. ஒரு தேதி சொல்லிடு. அதுக்குள்ள ஆள் அனுப்பலைன்னா அடுத்தவருக்கு.

பழைய பேப்பர் கடைக்கு முன்னாடி

மர அலமாரியில ஓலைச்சுவடி இருந்தா எடைக்குப் போடறதோ, எண்ணெய் தடவி சுத்தம் பண்றதோ கூடாது. தஞ்சாவூர்ல சரஸ்வதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகம். சென்னையில அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம். இவங்கள்ல யாருக்காவது தகவல் கொடு. பழைய பத்திரிகை, பாட்டுப் புஸ்தகம், நாடக நோட்டீஸ் இருந்தா சென்னை தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் சேர்த்து வச்சதுதான் அந்த நூலகத்துக்கே அடிப்படை. 1994ல ஆரம்பிச்சாங்க. எதுக்கும் பிரயோஜனமில்லன்னு நாம நினைக்கிற துண்டு நோட்டீஸ்கூட அங்க ஆராய்ச்சிக்கு உதவுது. என்னென்ன இருக்குன்னு ஒரு பட்டியல், நாலஞ்சு போட்டோ அனுப்பிக் கேட்டுட்டு அப்புறம் மூட்டையைக் கட்டு. எல்லாத்தையும் அவங்க எடுத்துப்பாங்கன்னு எதிர்பார்க்காதே.

அப்பாவோட மேஜை டிராயரை நீயே ஒரு ஒரு காகிதமாப் பாரு. வீட்டு மூலப்பத்திரம், பழைய வரி ரசீது, எல்.ஐ.சி. பாண்டு, காகித ஷேர் சர்டிபிகேட், மறந்துபோன பேங்க் பாஸ்புக் எல்லாம் அங்கதான் இருக்கும். பத்து வருஷத்துக்கு மேல யாரும் தொடாத டெபாசிட்டைத் தேட ரிசர்வ் வங்கி 2023ல உத்கம்னு ஒரு போர்ட்டல் கொண்டுவந்திருக்கு. அப்பா, தாத்தா பேரைப் போட்டுப் பாரு. அரிசி டப்பாவுக்கு அடியில பழைய 500, 1,000 ரூபாய் நோட்டு அகப்பட்டா சிரிச்சுட்டு விட்டுடு. அது செல்லாது, பத்து நோட்டுக்கு மேல வச்சிருக்கிறது 2017 சட்டப்படி தப்பும்கூட.

போட்டோவுக்கு ஒரே அவசரம், பேர். அம்மா உட்கார்ந்து "இது யாரு"ன்னு சொல்லச் சொல்ல, பின்பக்கம் மெல்லிசா பென்சில்ல எழுது. பேனா மை முன்பக்கம் ஊறும். பிளாஸ்டிக் தாள் ஒட்டின ஆல்பத்துல படம் ஒட்டிக்கிட்டிருந்தா பிய்க்காதே, பல் இடுக்குக்குப் போடற நூலை அடியில விட்டு மெதுவா அறுத்து எடு. ஸ்கேன் பண்றது ஆறு மாசம் கழிச்சுக்கூட நடக்கலாம்.

ஊஞ்சல், ஆட்டுக்கல், சாமி

ஊஞ்சலைப் பத்தி எல்லார் வீட்டுலயும் சண்டை வரும். பழைய வீட்டுல உத்தரத்துல கொக்கி. ஃப்ளாட்டுல கான்கிரீட் தளம். நினைச்ச இடத்துல துளை போட்டுக் கொக்கி மாட்ட முடியாது, பில்டரோட இன்ஜினீயர் சரின்னு சொல்லணும். சொன்னாலும் முன்னும் பின்னும் மூணடியாவது ஆட இடம் வேணும். ஹால்ல அது இருக்குமா? என்னைக் கேட்டா, நல்ல தேக்குப் பலகைன்னா நாலு கால் அடிச்சு பெஞ்சாக்கிடு. சங்கிலியை யாராவது தோட்டம் இருக்கிறவங்களுக்குக் கொடு. பழைய தூண், கதவு, பெட்டின்னு விற்கிறதா இருந்தா காரைக்குடி பழம்பொருள் கடைக்காரங்க ஒருத்தரையும் உள்ளூர் மரக்கடைக்காரரையும் தனித்தனியா கூப்பிட்டு விலை கேளு. முதல்ல சொல்ற விலைக்குத் தலையாட்டாதே.

அம்மி வேணும்னா சின்னதா ஒண்ணு வரலாம். ஆட்டுக்கல் வேண்டாம்.

கொலு பொம்மையில மரப்பாச்சி ஜோடி, தசாவதாரம், அம்மாவுக்குப் பிடிச்ச செட் ரெண்டு. ஒன்பது படியை அஞ்சாவோ மூணாவோ ஆக்கிக்கலாம், மடக்குற ஸ்டீல் படி கட்டிலுக்கு அடியில போயிடும். மண் பொம்மையைப் பழைய வேட்டித் துணியில சுத்தி, காகிதக்கூழ் பொம்மையோட கலக்காம தனிப் பெட்டியில வை. மிச்ச செட்டைப் பக்கத்துக் கோயில் கொலுவுக்கோ, புதுசா கொலு ஆரம்பிக்கிற பொண்ணுக்கோ நவராத்திரிக்கு முன்னாடியே கொடுத்துடு.

உடைஞ்ச சாமி படங்களை அரசமரத்தடியில வச்சுட்டு வர்றதை நிறுத்து. கண்ணாடி உடைஞ்சு அங்க நடக்கிறவங்க காலைத்தான் குத்தும். சட்டத்தைக் கழட்டு, கண்ணாடியைத் தனியா கட்டிப்போடு. வெறும் காகிதப் படம்னா வாளித் தண்ணியில ஊறவச்சுக் கரைச்சு மரத்தடியில ஊத்து. தஞ்சாவூர் ஓவியம் இருந்தா தங்கத்தகடு மேல பிளாஸ்டிக் ஒட்டாம, பருத்தித் துணி போட்டு, படுக்க வைக்காம நிமிர்த்தி எடுத்துட்டு வா.

நாள் பார்க்கிறதும் லாரி பார்க்கிறதும்

பால் காய்ச்சுற நாளும் சாமான் போற நாளும் ஒண்ணா இருக்கணும்னு எந்த சாஸ்திரமும் இல்ல. முகூர்த்த நாள்ல லாரிக்கு வாடகை கூட, ஆளும் கிடைக்காது. நல்ல நாள்ல விளக்கு, சாமி படம், ஒரு பால் பாத்திரத்தோட போய்க் காய்ச்சிட்டு வந்துடுங்க. மூட்டை முடிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை போகட்டும், பேக்கர்ஸ்காரங்க அன்னிக்கு மலிவா வருவாங்க. வீட்டைப் பார்த்துச் சொல்ற விலையையே எழுத்துல வாங்கு. அப்பார்ட்மென்ட் சங்கத்துல எத்தனை மணிக்குள்ள சாமான் ஏத்தணும்னு விதி இருக்கும், அதையும் கேட்டு வை. ஃபிரிட்ஜை முதல் நாளே ஆஃப் பண்ணி ஐஸ் கரைய விடு, புது வீட்டுல நிமிர்த்தி வச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போடு. முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினுக்கு டிரம் ஆடாம இருக்கிற போல்ட்டை மாட்டணும்; வாங்கினப்போ கழட்டினது எங்கயாவது பத்திரமா இருக்கும். நகை, பத்திரம், மருந்து மூணும் உன் கைப்பையில.

புது வீட்டுல முதல் வேலையா அப்பா அம்மா ரூமை முடிச்சுடு. பழைய வீட்டுல எந்தப் பக்கம் இறங்கி பாத்ரூம் போவாரோ, அதே பக்கம் இறங்கற மாதிரி கட்டில் போடு. ராத்திரித் தூக்கத்துல கால் பழைய வழியைத்தான் தேடும். ஒரு சின்ன நைட் லேம்ப், டாய்லெட்ல கைப்பிடிக் கம்பி, தண்ணிச் சொம்பு வைக்க அதே ஸ்டூல். ஷோகேஸ் அடுக்குறது அடுத்த வாரம் ஆகட்டும்.

வீடு விற்கிற விஷயத்துல அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஆடிட்டரைப் பாரு. 2001க்கு முன்னாடி வாங்கின வீடுன்னா அந்த வருஷம் ஏப்ரல் 1 மதிப்பை அடக்க விலையா எடுத்துக்கலாம். விற்ற ரெண்டு வருஷத்துக்குள்ள வேற வீடு வாங்கினா வரிச் சலுகை உண்டு. அந்த ஃப்ளாட் யார் பேர்லங்கிறதையும் அவர்கிட்டயே கேட்டு முடிவு பண்ணு. பாசத்துல பேரன் பேர்ல எழுதிட்டு அப்புறம் முழிக்கக் கூடாது.

கடைசியா முகவரி மாத்தறது. ஊர் மாறினா கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில ஒப்படைச்சு டெபாசிட்டையும் மாற்றுச் சீட்டையும் வாங்கிக்கோ. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க், பென்ஷன் ஆபீஸ். அப்பா ரயில்வே மாதிரி மத்திய அரசு பென்ஷன்காரர்னா நவம்பர்ல வாழ்வுச் சான்றிதழ் கொடுக்கணும். இப்ப போன்ல முகத்தைக் காட்டியே கொடுத்துடலாம், புது ஊர்ல பேங்க் எங்கன்னு தேடி அலைய வேண்டியதில்ல. ஆதார்ல இருக்கிற போன் நம்பர் எதுன்னும் பாரு. பழைய வீட்டு லேண்ட்லைன் காலத்துல வாங்கின, ரீசார்ஜே பண்ணாத ஏதோ சிம் நம்பர் இருந்தா, அதையும் மாத்திடு.