33 அங்குல டயர் போட்டாச்சு, பிரேக்கில் எதை மாற்றுவது?

மஹிந்திரா தார் வாங்கியவர்களில் பலர் முதலில் கைவைப்பது டயரில்தான். 16 அங்குல ரிம்மில் வரும் 245/75 டயரின் விட்டம் சுமார் 774 மி.மீ. லிஃப்ட் வைத்து 285/75 மட் டயர் ஏற்றினால் 834 மி.மீ. வண்டி கம்பீரமாகத்தான் நிற்கும். ஆனால் அதே மிதிக்குச் சாலையில் கிடைக்கும் பிரேக் பிடி சுமார் 7 சதவீதம் குறையும்.

இதைவிட வில்லங்கம் ஸ்பீடோமீட்டர். திருத்தாத மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86-ல் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்த வேண்டிய ஆற்றலோ 16 சதவீதம் கூடியிருக்கும். கியர்களும் நீண்டுபோவதால் எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலமும் சேர்ந்து குறையும்.

சமதரையில் ஒரு தடவை அழுத்தி நிறுத்தும்போது இது அவ்வளவாகத் தெரியாது. ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்கு மிதிக்க முடிகிறது என்றால் தூரத்தை முடிவுசெய்வது டயரும் சாலையும்தான். மலை இறக்கத்தில்தான் கணக்கு மாறும். 1,000 மீட்டர் உயரம் இறங்குவது, 80 கி.மீ. வேகத்திலிருந்து 40 தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். அதில் எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொண்டது போக மீதி எல்லாம் சூடாக பிரேக்கில் இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவர்களுக்கு அந்தக் கருகல் வாசம் தெரிந்திருக்கும்.

அதனால் கடைக்காரரிடம் போகும் முன் உங்கள் காலைக் கேளுங்கள். இறக்கத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போகிறதா? பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல்லாக நிற்கிறது, வண்டி நிற்கவில்லையா? பேடு சூட்டில் பிடி விட்டுவிட்டது. மலையே ஏறாமல், ஊருக்குள்ளேயே வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தால்தான் பெரிய டிஸ்க் பற்றிப் பேசலாம்.

ஆயிலில் தொடங்குவேன். கேட்க அற்பமாக இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கும். டாட் 5.1-க்கு இவை 260, 180. இதையும் டாட் 4-ஐயும் கலக்கலாம். வெறும் டாட் 5 சிலிக்கான் ரகம், அதன் பக்கமே போக வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி ஏர் எடுத்தாலே பாதிப் பேரின் புகார் தீர்ந்துவிடும்.

அடுத்தது முன் பேடு. பல பேடுகளின் விளிம்பில் கடைசியாக இரண்டு எழுத்து அச்சிட்டிருக்கும்: முதலாவது மிதமான சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில். ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ அதற்கும் மேல். இரண்டாம் எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்த பேடை மலைக்கு வாங்காதீர்கள். செமி மெட்டாலிக் பேடு கொஞ்சம் கத்தும், டிஸ்க்கையும் தேய்க்கும். சூட்டைத் தாங்கும் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

பெரிய டிஸ்க் கிட் உண்மையிலேயே பலன் தரும். 300 மி.மீ. டிஸ்க்கில் 25 மி.மீ. கூட்டினால் டயர் பறித்த 7 சதவீதம் திரும்பக் கிடைக்கும், சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பும் கூடும். 16 அங்குல ரிம்முக்குள் காலிப்பர் இடிக்காமல் சுழலுமா என்று அளந்த பிறகு பணம் கொடுங்கள். காலிப்பர் பிஸ்டனும் பெரிதானால் பெடல் ஆழமாகப் போகும். அப்போது மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றச் சொல்வார்கள். 35 அங்குல டயருக்குப் போகிறவர்களுக்கு இந்தச் செலவு நியாயம். 33-க்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

துளை போட்ட டிஸ்க் படத்துக்கு அழகு. துளையில் சேறு அடையும், சூட்டில் விரிசலும் அங்கிருந்துதான் தொடங்கும். கோடு வெட்டிய டிஸ்க் தேவலை.

பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றுவதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். டிரம்முக்குள் சேறு புகுந்து ஷூவைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் மிதித்ததும் எடை முன்னே சாயும். இறக்கத்தில் இன்னும் அதிகமாக. வேலையின் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கு என்னும்போது பின்னால் கொட்டும் பணம் கடைசியில்தான் வர வேண்டும். ஹேண்ட்பிரேக்குக்குத் தனி ஏற்பாடு வேறு. சேற்றிலேயே கிடக்கும் வண்டி என்றால் மட்டும் யோசியுங்கள்.

லிஃப்ட் வைத்த வண்டியில் எந்தச் செலவுக்கும் முன்னால் ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து பிரேக் ஹோஸைப் பாருங்கள். விறைப்பாக இழுபட்டால் நீளமான ஹோஸ்தான் முதல் செலவு.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து மாறும் மாற்றங்களை அனுமதிப்பதில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அளப்பது டயரைத்தான்.

புதுப் பேடு போட்ட அன்றே மலைக்குப் போகாதீர்கள். காலிச் சாலையில் 60-லிருந்து 10 வரை, நிறுத்தாமல், எட்டுப் பத்து தடவை வேகத்தைக் குறைத்து, பிறகு பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள்.