'சாங்ஷன்' என்ற சொல்லைப் பற்றி ஓர் இளம் மொழிபெயர்ப்பாளருக்கு



ஆங்கிலத் தத்துவஞானி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நீதி சாஸ்திர நூலின் மூன்றாம் அத்தியாயத்தை நீ தமிழாக்கி அனுப்பிய பிரதியை இரண்டு முறை வாசித்தேன். நடை சரளமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சாங்ஷன்' என்ற ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் 'அனுமதி' என்றே எழுதிக்கொண்டு போய், கடைசியில் 'மத அனுமதி' என்ற விசித்திரமான பதத்தில் வந்து நிற்கிறாயே, அங்கேதான் என் பென்சில் மேலே நகர மறுத்துவிட்டது.

உன்னைக் குறை சொல்ல எனக்கு அதிக யோக்கியதை இல்லை. ரொடீஷியாவின் வெள்ளையர் ஆட்சி, பிரிட்டனின் சம்மதமின்றி 1965 நவம்பரில் தானே சுதந்திரப் பிரகடனம் செய்துகொண்டு, தன்னை ஒப்புக்கொள்ள ஒரு தேசமாவது முன்வராதா என்று ஏங்கியிருந்த நாளில், அதன் புகையிலையையும் சர்க்கரையையும் குரோமியத்தையும் யாரும் வாங்கலாகாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை தன் சரித்திரத்திலேயே முதன்முறையாகக் கட்டாயத் தடை விதித்த 1966 டிசம்பர் இரவொன்றில், ஒரு தினசரியின் செய்தி மேசைக்குப் புதியவனான நான், தந்தியின் முதல் வரியில் 'சாங்ஷன்' என்றிருந்ததை மட்டும் பார்த்துவிட்டு, 'ரொடீஷியாவுக்கு ஐ.நா. அங்கீகாரம்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். அந்த ஆட்சியின் தலைவர் இயன் ஸ்மித்துக்கு அத்தனை பெரிய உபகாரத்தை அன்று வேறெவரும் செய்திருக்க மாட்டார்கள். மெய்ப்புத் திருத்துபவர் அதை அச்சேறாமல் தடுத்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் பிரதியை என் முன்னே வைத்துவிட்டு அவர் திரும்பிப் போன விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இசைவும் தண்டனையும் ஒரே சொல்லில் எப்படிக் குடித்தனம் செய்கின்றன என்ற கேள்வி எனக்கு அதன்பின்புதான் எழுந்தது. அச்சொல்லின் மூலமாகிய லத்தீன் வினைக்கு, ஒன்றைப் புனிதமாக்கி, மீறக் கூடாததாக ஸ்தாபித்தல் என்பது பொருள். ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் கட்டளைப்படி 533இல் வெளிவந்த சட்டப் பாடநூல், நகரத்து மதில்களையும் வாயில்களையும் அதே வேரில் பிறந்த ஒரு சொல்லால் குறித்து, மதிலுக்குத் தீங்கு செய்தவனுக்கு மரண தண்டனை உண்டு என்பதே அதற்குக் காரணம் என்று கூறி, சட்டங்களில் தண்டனையை விதிக்கும் பகுதிக்கு 'சாங்ஷியோ' என்ற பெயர் வந்ததும் இதனால்தான் என்று சொல்லிச் செல்கிறது. மதிலை மனத்தில் வைத்துக்கொள்: உள்ளே இருப்பவனுக்குக் காப்பாகவும், ஏறிக் குதிப்பவனுக்கு ஆபத்தாகவும் இருப்பது ஒரே சுவர்தான். நம்முடைய 'ஆணை'யும் இதற்குத் தூரத்து உறவு என்றே தோன்றுகிறது; அரசன் இட்டால் கட்டளை, 'என்மேல் ஆணை' என்று தாய் சொன்னால் சத்தியம்.

ஆனால் உறவைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதையே எங்கும் போட்டுவிடாதே. வங்கியில் 'லோன் சாங்ஷன் ஆயிற்று' என்றால் அது ஆட்சித் தமிழின் 'ஒப்பளிப்பு'. அரசு ஊழியர்மீது வழக்குத் தொடரக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு கேட்டது 'முன் அனுமதி'. ஒரு நாட்டுக்கு எதிராகப் பன்மையில் வந்தால் பெரும்பாலும் 'தடை'. தன் வம்சத்துப் பெண் வாரிசும் ராஜ்யங்களை அடைய வேண்டுமென்று ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ் 1713இல் பிறப்பித்த 'சாங்ஷ'னோ இவற்றில் எதுவுமல்ல, 'சாசனம்'. அகராதியைத் திறக்குமுன், இதைக் கொடுப்பவர் யார், மீறினால் என்ன நேரும் என்ற இரண்டையும் வாக்கியத்திடமே கேட்டுவிடு.

பெந்தாமிடம் கேட்டால் அவரே உதாரணம் தருகிறார். ஒருவனுடைய உடைமையோ உடலோ தீக்கிரையாகிறது: மெழுகுவர்த்தியை அணைக்க அவன் மறந்ததனால் என்றால் அது இயற்கை விதித்தது, நீதிபதியின் தீர்ப்பினால் என்றால் அரசு விதித்தது, அவன் குணத்தை வெறுத்த அயலார் உதவ வராததனால் என்றால் சமூகம் விதித்தது, தெய்வ கோபத்தினால் என்றால் மதம் விதித்தது. இந்த நான்கில் எங்கே இருக்கிறது அனுமதி? மனிதனைக் கட்டி நிறுத்துகிற சக்திகளை அல்லவா அவர் சொல்கிறார்! ஆகையால் 'கட்டு' என்று வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாவதற்கு நம் கிராமத்தார் 'ஊர்க்கட்டு' என்று வாய்நிறையச் சொல்லும் சொல்லே பொருந்தும். முதலாவதற்கு 'இயற்கைக் கட்டு' என்று எழுதிப் பார்த்தேன்; காதுக்கு இதமாயில்லை. உனக்கு வேறு ஏதாவது அகப்பட்டால் அடுத்த தபாலில் எழுது.