இன்சுலினும் மலையேற்றமும்

நான் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன். பதிமூன்று வயதில் எனக்கு நீரிழிவு வந்தது. "இந்த வயசுல சுகரா? ஸ்வீட் நிறைய சாப்பிட்டியா?" என்று கேட்காதவர்கள் ஹாஸ்டலில் யாருமில்லை. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா பாட்டிகளுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. எனக்கு இருப்பது முதல் வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் உயிர். 1922 ஜனவரியில் டொரொண்டோ நகரில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை.

சென்ற ஆண்டு டூரில் கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு இறங்குவோர் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். "உனக்கு எதுக்குப்பா ரிஸ்க், பஸ்ஸிலேயே இரு" என்றார்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் முடியும், முடியாது என்று சொல்வதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

குளோஸ்டு லூப் கண்ட்ரோல் பற்றி நாம் படித்திருக்கிறோம். உங்கள் உடம்பில் கணையமே சென்சார், அதுவே கண்ட்ரோலர். சாப்பிட்டால் இன்சுலினைக் கூட்டும், ஓடினால் குறைக்கும். என் உடம்பில் அந்த லூப் அறுந்துவிட்டது. காலையில் போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. நான் மலை ஏறுகிறேன் என்பது அதற்குத் தெரியவும் தெரியாது. வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தச் சர்க்கரையை இழுக்கும். போட்ட இன்சுலினும் சேர்ந்து இழுத்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். 70-க்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, குழப்பம். இன்னும் இறங்கினால் மயக்கம். சென்சாரும் பம்ப்பும் சேர்ந்து தானாக ஓரளவு சரிசெய்யும் கருவிக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை நமக்கு எட்டாது. ஆகவே மேனுவல் கண்ட்ரோல்தான். மீட்டர், ஊசி, சாப்பாடு, மூளை.

பொங்கல் லீவில் மாமா பையனோடு கொல்லிமலை போனேன். 70 கொண்டை ஊசி வளைவு ஏறியதில் அவனுக்குத்தான் வாந்தி. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இதில் ஒரு விசேஷம், முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். சுலபமான பாதி முதலில் முடிந்துவிடுவதால் ஆள் ஏமாந்துவிடுவான். டாக்டர் சொன்னபடி அன்று காலை டோஸைக் குறைத்திருந்தேன். (அளவைச் சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும்.) ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போட்டேன், நடக்கும் காலில் போட்டால் மருந்து வேகமாக ஏறும். இறங்கும் முன் 168. அருவியடியில் 131. திரும்பி ஏறும்போது பாதி வழியில் கை லேசாக நடுங்கியது. பார்த்தால் 84. இன்னும் பாதிப் படி பாக்கி. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ், அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் உட்கார்ந்தேன். மேலே வந்ததும் 142.

இந்த நேரத்தில் கடலை மிட்டாய் உதவாது. கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அது பிற்பாடு, தாக்குப்பிடிக்க. இன்னொன்று, அன்னாசித் துண்டு தின்ற கையோடு விரலைக் குத்தினால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்து அளந்து பொய்க் கணக்கு சொல்லும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும்.

மலை இறங்கியதோடு முடிந்துவிடவில்லை. காலியான தசை ராத்திரி முழுக்கச் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், 24 மணி நேரம்கூட. அன்று இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். 76. பாலும் பிஸ்கெட்டும் சாப்பிட்டுப் படுத்தேன். சிலர் சர்க்கரை இறங்குமே என்று பயந்து இன்சுலினையே நிறுத்திவிடுவார்கள். அது அதைவிட ஆபத்து. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்து வாந்தி, மேல்மூச்சு என்று ஆஸ்பத்திரியில் போய் முடியும்.

அடுத்தது மருந்தின் பாதுகாப்பு. இன்சுலின் ஒரு புரதம். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலத் தாளை எங்கள் வீட்டில் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். டிக்‌ஷனரி வைத்துப் படித்தேன். பிரிக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறைந்தால் வீண், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. அம்மா மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, அதன் நடுவே சிறு சட்டியில் பாட்டிலை வைக்கிறார். தெர்மலில் லேட்டண்ட் ஹீட் படித்தபோதுதான் புரிந்தது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது! ஃபிரிட்ஜ் அளவு குளிராது, ஆனால் கோடையில் வெளியே கிடப்பதைவிட எவ்வளவோ மேல். பயணத்தில் ஈரத்துணி சுற்றிய டப்பா. வெயிலில் நிற்கும் பஸ்ஸில் மட்டும் விட்டுவிடக் கூடாது. பனிமலை ஏறுபவர்களுக்கு நேரெதிர்ப் பிரச்சினை. உறையாமலிருக்க, சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைப்பார்கள். ஆஸ்திரியாவின் கெரி விங்க்ளர், முதல் வகைக்காரர், சாக்கடல் கரையிலிருந்து சைக்கிளில் கிளம்பி 2006 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். உலகின் மிகத் தாழ்ந்த நிலத்திலிருந்து மிக உயர்ந்த இடம் வரை!

அளவு பற்றியும் ஒன்று. நம்மூர் பாட்டிலில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் 100. பேனா உடைந்ததென்று அந்த மருந்தை 40 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு! 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. வெர்னியரில் லீஸ்ட் கவுண்ட் பார்ப்பதுபோல் இதையும் பார்க்க வேண்டும்.

கூட வருகிறவர்களுக்கு வேலை கொஞ்சம்தான். நான் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, காரணமின்றி எரிந்து விழுந்தாலோ குளுக்கோஸைக் கரைத்துக் கொடுங்கள். "வேண்டாம்டா" என்பேன், விடாதீர்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாக்கெட் என் பையின் முன் ஜிப்பில் இருக்கும். என் பெஞ்சுக்காரனுக்கு இடம் தெரியும். இந்த வருட டூருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.