ஆலைச் செவிலியர் நேர்காணலும் தீக்காய வினாவும்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளின் செவிலியர் பணி நேர்காணலில், நோயாளியின் நிலையைச் சொல்லி "என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது?

பதில்: 500-க்கும் மேற்பட்டோர் பணிபுரியும் ஆலையில் செவிலியருடன் கூடிய ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்ததால் வேரூன்றிய இப்பணிக்கு, வார்டு நோய்களைவிட ஆலை விபத்துகளையே முதலில் படிக்க வேண்டும். எஃகு உருக்கும் வட்டாரமாதலால் தீக்காய வினா எதிர்பார்க்கத்தக்கது. காயமுற்றவரை வெப்பத்திலிருந்து அகற்றி, குரல் கம்மலோ மூக்கில் கரியோ உள்ளதா எனப் பார்த்து மூச்சுப்பாதையைக் காத்து, காயத்தை 20 நிமிடம் ஓடும் நீரில் குளிர்வித்து, 108-ஐ அழைத்து, வெந்த பரப்பை ஒன்பதின் விதிப்படி, அதாவது ஒரு கை 9 விழுக்காடு, ஒரு கால் 18 விழுக்காடு என்று கணிப்பதாக விடை வரிசைப்பட வேண்டும். 60 கிலோ எடையும் 20 விழுக்காட்டுக் காயமும் உடையவருக்கு, எடையையும் விழுக்காட்டையும் 4 மி.லி.யால் பெருக்கும் பார்க்லேண்ட் வாய்பாடு 24 மணி நேரத்துக்கு 4,800 மி.லி. திரவத்தைக் காட்டுகிறது, அதில் பாதி செலுத்தப்படும் முதல் 8 மணி நேரம், மருத்துவமனையை அடைந்த நேரத்திலிருந்து அன்று, வெந்த நேரத்திலிருந்தே எண்ணப்படும். வடமாநிலத் தொழிலாளர் மிகுந்த இவ்வட்டாரத்தில், வலியையும் மூச்சுத்திணறலையும் விசாரிக்கச் சில இந்திச் சொற்களைக் கற்றிருப்பது சிகிச்சையின் பகுதியே ஆகும்.