கைபேசியைக் கழற்றலும் பூட்டலும்

இன்று கைபேசி இல்லாத இல்லம் இல்லை எனலாம். ஆயினும் அதன் உள்ளே இருப்பதைக் கண்டவர்கள் நம்மில் மிகச் சிலரே. பழுதாகி அலமாரியில் கிடக்கும் பழைய பொத்தான் கைபேசி ஒன்று போதும். அதைக்கொண்டு பல பாடங்களைக் கற்கலாம். 2003-ஆம் ஆண்டு வெளிவந்து, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையான நோக்கியா 1100-ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நோக்கியா கைபேசிகள் 2006 முதல் 2014 வரை நம் ஸ்ரீபெரும்புதூரிலும் உருவாயின. அவற்றைப் பூட்டிய கைகளில் பெரும்பாலானவை இளம்பெண்களின் கைகளே. ஆகவே, இவ்வேலை நமக்குப் புதியதன்று.

முதலில் கைபேசியை அணைத்து, சார்ஜர் கம்பியை நீக்கிவிட வேண்டும். பின்மூடியைத் திறந்ததும் பேட்டரியை வெளியே எடுக்க வேண்டும். இதுவே முதல் விதி. 3.7 வோல்ட் மின்னழுத்தம் நம் உடலுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் பேட்டரியின் இரு முனைகளையும் ஓர் ஊசியோ சாவியோ இணைத்துவிட்டால், அது கடுமையாகச் சூடேறும். லித்தியம் பேட்டரியைக் குத்தினாலும் வளைத்தாலும் தீப்பற்றக்கூடும். இக்கைபேசியில் பயன்பட்ட பிஎல்-5சி வகைப் பேட்டரிகளில் 4 கோடியே 60 இலட்சம், சார்ஜ் செய்யும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று 2007-இல் அந்நிறுவனமே எச்சரித்து, மாற்றித் தர முன்வந்தது. பேட்டரி உப்பியிருந்தால் வேலையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். அதைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் வழியாக ஒப்படைப்பதே முறை.

அடுத்து, சிம் அட்டையை எடுத்துவிட்டு முன்மூடியைக் கழற்றினால், ரப்பர் பொத்தான் விரிப்பு தனியே வந்துவிடும். உள்ளே உள்ள திருகாணிகளின் தலையில் ஆறுமுனை நட்சத்திரப் பள்ளம் இருக்கும். அதற்குரிய திருப்புளியையே பயன்படுத்த வேண்டும். கத்திமுனையால் திருப்பினால் பள்ளம் தேய்ந்து, திருகாணி பின்னர் அசையவே அசையாது.

ஒரு வெள்ளைத்தாளில் கைபேசியின் படத்தை வரைந்துகொள்வோம். எந்தத் திருகாணி எந்த இடத்திலிருந்து வந்ததோ, படத்தில் அதே இடத்தில் அதை வைப்போம். குட்டையான திருகாணியின் துளையில் நெட்டையானதை முறுக்கினால், அது மின்சுற்றுப் பலகையைத் துளைத்துக் கெடுத்துவிடும். பலகையை எப்போதும் ஓரங்களில் மட்டுமே பிடிக்க வேண்டும். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நாம் உணராத அளவில் இருந்தாலும், நுண்ணிய சில்லுகளைப் பழுதாக்கவல்லது. ஆகையால், பலகையைத் தொடுமுன் குழாய் போன்ற உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்வது நன்று.

பலகையில் பொத்தான்களுக்கு நேராகக் குமிழ் வடிவ உலோகத் தகடுகளைக் காணலாம். பொத்தானை அழுத்தும்போது தகடு அமுங்கி மின்சுற்று நிறைவுறுகிறது. விட்டதும் தகடு தானே நிமிர்ந்துவிடுகிறது. அவ்விடத்தில் தூசி சேர்ந்தால் எண்கள் விழா. உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்தால் போதும், தண்ணீர் கூடாது.

பூட்டும்போது, கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்ற வேண்டும். கடைசியில் கழற்றியதை முதலில் வைக்க வேண்டும். முதலில் எடுத்த பேட்டரி கடைசியாகத்தான் உள்ளே செல்லும். திருகாணிகள் அனைத்தையும் முதலில் இலேசாக முறுக்கி, பின்னர் ஒவ்வொன்றாக இறுக்கினால் மூடி கோணாது. ஏதேனும் ஒரு பாகம் பொருந்த மறுத்தால் வலிந்து அழுத்தலாகாது. வரிசையில் எங்கோ தவறியிருக்கிறோம் என்பதற்கு அதுவே அறிகுறி.

தற்காலத் தொடுதிரைக் கைபேசிகளில் பேட்டரி பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பெயர்க்கும்போது வளைந்தாலோ கிழிந்தாலோ ஆபத்து நேரும். அவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிடுவோம்.

வேலை முடிந்தபின் தாளில் ஒரு திருகாணிகூட மீந்திருக்கக் கூடாது. பிறகு கைபேசியை இயக்கிப் பார்ப்போம். திரை ஒளிர்ந்தால் மகிழ்ச்சியே. ஒளிராவிட்டாலும், நாம் வரைந்த படத்தைப் பார்த்து மீண்டும் ஒருமுறை பொறுமையாகக் கழற்றலாம்.