உருளைக்கிழங்குப் பயிரின் வாடல் நோய்கள்

செழித்து வளர்ந்த உருளைக்கிழங்குச் செடி, மண்ணில் ஈரம் இருக்கும்போதே நண்பகலில் தலை சாய்ந்து நிற்பதுண்டு. நீர் போதவில்லை என்று கருதி மேலும் பாய்ச்சுவதால் அச்செடி பிழைப்பதில்லை. மண்ணில் நீர் இருக்கிறது. அது இலைக்குச் செல்லும் வழியே அடைபட்டிருக்கிறது. இவ்வாறு வழியை அடைக்கும் பூசணங்களில் வெர்ட்டிசிலியம், பியூசேரியம் என்னும் இரண்டும் முக்கியமானவை.

இவை மண்ணில் வாழ்பவை. வேரின் வழியாக, சிறப்பாக நூற்புழுக்கள் துளைத்த காயங்களின் வழியாக, உட்புகுந்து நீரை மேலே கொண்டு செல்லும் குழாய்களை அடைகின்றன. பூசண இழைகள் அங்கே பெருகுவதாலும், செடி தன் காப்புக்காகச் சுரக்கும் பிசின் போன்ற பொருள்களாலும் குழாய்கள் அடைபடுகின்றன. முதலில் அடியிலைகள் மஞ்சளாகும். பல சமயங்களில் ஒரு பக்கத்து இலைகள் மட்டுமே வாடும். தண்டைச் சாய்வாக வெட்டினால் பழுப்பு நிறக் கோடுகளும், கிழங்கை அதன் காம்பு முனையில் வெட்டினால் பழுப்பு வளையமும் தென்படும். வளையம் வேறு காரணங்களாலும் தோன்றலாமாகையால், அதனை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்தல் கூடாது.

வெர்ட்டிசிலியம் இனத்தின் ஒரு வகையை உருளைக்கிழங்கிலிருந்து 1879-ஆம் ஆண்டில் ரைன்க்கே, பெர்த்தோல்டு என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் விவரித்தனர். டாலியா செடியிலிருந்து 1913-இல் கிளேபான் விவரித்த மற்றொரு வகை, மடிந்த தண்டுகளில் கடுகினும் நுண்ணிய கரிய உறக்க உருண்டைகளை உண்டாக்குகிறது. இவை பத்து ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிருடன் இருக்கக் கூடியவை. பியூசேரியமோ வெப்பம் மிகுந்த மண்ணில் ஓங்கி வளர்வது. ஆதலால் மண் குளிர்வதற்கு முன் நடப்படும் பயிர் அதற்கு எளிதில் இரையாகிறது.

பாக்டீரியாவினாலும் இதையொத்த வாடல் உண்டாகும். இரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வாடிய தண்டின் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுனை நீரில் படுமாறு தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் பால் போன்ற இழை கீழ்நோக்கி வழிந்தால் அது பாக்டீரியா வாடல். பூசண வாடலில் இவ்வாறு வழிவதில்லை.

நோய் குழாய்களுக்குள் இருப்பதால், இலைகளின் மேல் மருந்து தெளிப்பதால் பயனில்லை. வருமுன் காத்தலே வழி. நோயற்ற விதைக்கிழங்கையே நட வேண்டும். இயன்றவரை முழுக் கிழங்காக நடுவது நன்று. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை விடுத்து, கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியப் பயிர்களைச் சுழற்சியில் சேர்க்க வேண்டும். வாடிய செடிகளை வேரோடு அகற்றி எரித்துவிட வேண்டும். கடுங்கோடையில் ஈர மண்ணின்மீது ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை நான்கு முதல் ஆறு வாரங்கள் பரப்பி வைத்தால், மேல்மண்ணிலுள்ள பூசணம் பெரிதும் குறையும். இம்முறை இஸ்ரேலில் சோதிக்கப்பட்டு 1976-இல் வெளியிடப்பட்டது.

வாடல் கண்ட வயலின் கிழங்கை விதைக்காக எடுத்து வைப்பது எல்லாவற்றினும் பெருந்தீங்காகும். ஒரு பருவத்தின் இழப்பை அடுத்த பருவத்தில் ஈடு செய்யலாம். விதையுடன் புது நிலத்தில் குடிபுகுந்த பூசணத்தை அவ்வளவு எளிதில் வெளியேற்ற இயலாது.